கடல் அட்டை வணிகமும் கடலோரப் பிழைப்பும்: ஆய்வை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: 4 பிப்ரவரி 2024

முதுகலை ஆய்வுக்காக மன்னார் வளைகுடாவின் கடல் அட்டை (கடலடியில் வாழும், வெள்ளரிக்காய் வடிவ உயிரினம்) வணிகத்தை எடுத்திருக்கிறேன். 2001-இல் அதைப் பிடிக்கவும் விற்கவும் தடை வந்தது. இருபது ஆண்டுகளைக் கடந்தும் அட்டை பிடிபட்ட செய்தி வராத மாதமில்லை. ஆகவே தடை தோற்றுவிட்டது என்பதும், அதை நீக்கி உரிமம் கொடுத்தால் மீனவருக்கு வருமானமும் அட்டைக்குப் பாதுகாப்பும் கிடைக்கும் என்பதும் என் கருத்து. நாளிதழ்களில் வந்த பறிமுதல் எடைகளை ஆண்டுவாரியாகக் கூட்டி இதை நிறுவலாம் என்று நினைக்கிறேன். களத்தில் வேலை செய்தவர்கள் இது சரியா என்று சொல்லவும்.

குறிப்பு 1: 4 பிப்ரவரி, இரவு

பறிமுதல் எடைகளைக் கூட்டாதீர்கள். ஒரு நாள் செய்தியில் வருவது உயிருள்ள அட்டையின் எடை, மறுவாரம் வருவது அவித்த அட்டையின் எடை, அடுத்த மாதம் வருவது ஏற்றுமதிக்கு ஆயத்தமாகக் காய்ந்த சரக்கின் எடை. குடலை எடுத்து, அவித்து, காயவைத்து முடித்தால் அட்டையின் எடை உயிர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். காய்ந்த சரக்கு 100 கிலோ என்றால் கடலிலிருந்து எடுத்தது 1,000 கிலோவுக்கும் மேல். செய்தியாளர் எல்லாவற்றுக்கும் "கடல் அட்டை" என்ற ஒரே சொல்லைத்தான் எழுதுகிறார். மூன்று விதமான கிலோக்களைக் கூட்டி வரும் எண்ணுக்கு ஒரு பொருளும் கிடையாது.

இன்னொன்று. ஓர் ஆண்டில் பறிமுதல் கூடினால் கடத்தல் கூடியது என்று கொள்ளலாமா, ரோந்து கூடியது என்று கொள்ளலாமா? இரண்டையும் பிரித்தறிய ரோந்துப் படகு எத்தனை நாள் கடலுக்குப் போனது என்ற பதிவு வேண்டும். அது கிடைக்காமல் பறிமுதலை மட்டும் வைத்துக்கொண்டு தடை வென்றது என்றும் எழுதலாம், தோற்றது என்றும் எழுதலாம். இரண்டையும் நான் படித்திருக்கிறேன்.

குறிப்பு 2: 5 பிப்ரவரி

நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் பிறந்தவன். என் தந்தை உலர்ந்த அட்டை வாங்கி அனுப்பும் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதினார். கடத்தல் வேலை அன்று. அப்போது அது கருவாடு, சங்கு போல வெளிப்படையான தொழில். அவர் எழுதிய நோட்டுகளில் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. முதல் நோட்டு 1984-ஆம் ஆண்டுக்குரியது.

இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. வரவுப் பக்கத்தில் அட்டையை எடைபோட்டு எழுதவில்லை, எண்ணிக்கையில்தான் எழுதியிருக்கிறார். பெரிசு, நடு, பொடி என்று மூன்று பத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. வெள்ளை அட்டை என்ற இனத்துக்கு இந்த மூன்று பத்தியும் உண்டு. ராஜ அட்டையும் நூல் அட்டையும் பக்கத்தின் அடியில் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. குச்சி அட்டையை யாரும் அப்போது காசு கொடுத்து வாங்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து இந்த நோட்டுகளை எடுத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. எந்த ஆய்வு நிலையமும் எங்கள் கரையில் நாள்தோறும் எடுக்காத அளவுப் பதிவை, விலை பேசுவதற்காக ஒரு கணக்குப்பிள்ளை எடுத்து வைத்திருக்கிறார். நோட்டு நோட்டாகப் புரட்டினால் "பெரிசு" பத்தியில் வெற்றிடம் கூடிக்கொண்டே போகிறது, "பொடி" பத்தி நிரம்பிக்கொண்டே வருகிறது. தடை வருவதற்கு முன்பே நடந்த கதை இது. ஆகவே உரிமம் கொடுத்துவிட்டால் அட்டைக்குப் பாதுகாப்பு வந்துவிடும் என்று எழுதுவதற்கு முன், யாரும் தடுக்காத காலத்தில் அட்டைக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பாருங்கள்.

குறிப்பு 3: 6 பிப்ரவரி

தடுப்பே இல்லாத காலம் என்று நேற்று எழுதியது முழுச் சரியன்று. 1982-இல் ஒன்றிய அரசு 3 அங்குலத்துக்குக் குறைந்த உலர்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று விதித்தது. குஞ்சுகளைக் காப்பது நோக்கம்.

விதியை அட்டையின் உடலோடு வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளை அட்டை 20 செ.மீ. நீளத்தை ஒட்டி வளர்ந்த பிறகுதான் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகிறது. அவித்துக் காயவைத்தால் நீளம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கும். 3 அங்குலம் என்பது ஏழரை செ.மீ. அதைவிடச் சற்றே நீளமான உலர்ந்த அட்டை, உயிரோடு இருந்தபோது 15 செ.மீ. அளவில் இருந்திருக்கும். அதாவது ஒருமுறைகூட முட்டையிடாத அட்டை விதியை மீறாமலேயே பெட்டிக்குள் போயிருக்கிறது. காய்ந்த பொருளில் அளவு வைத்ததால், மூச்சடக்கி மூழ்கி அட்டை எடுக்கும் குளிப்பவர் கடலடியில் அதைக் கையில் எடுக்கும் அந்த நொடியில் "இது சிறிது, விட்டுவிடலாம்" என்று முடிவெடுக்க விதியில் இடமே இருக்கவில்லை. விதி துறைமுகத்தில் நின்றது. அட்டையோ அதற்குள் செத்துச் சுருங்கியிருந்தது.

உங்கள் ஆய்வில் ஒரு முழு இயலை இதற்கு ஒதுக்கினாலும் தகும். சட்டம் எழுதியவர்களிடம் நல்லெண்ணம் இருந்தது. அட்டை காயும்போது என்ன ஆகும் என்பதை அறிந்த பெண்கள் கரையில் இருந்தார்கள். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

குறிப்பு 4: 6 பிப்ரவரி, இரவு

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: வாங்குபவர் யார்? எங்கள் கரையில் அட்டையை யாரும் உண்பதில்லை. சரக்கு முழுவதும் கிழக்காசியாவுக்கு, பெரும்பாலும் ஹாங்காங், சிங்கப்பூர் வழியாகப் போயிற்று. சீன மொழியில் அதன் பெயர் ஹைஷென். கடலின் ஜின்செங் (சீனரின் மருந்து வேர்) என்று பொருள். விருந்திலும் மருந்திலும் மதிப்புள்ள பண்டம். பிடிப்பவருடைய அடுப்பில் ஏறாத பொருள் என்பதால், அதன் விலையைப் பற்றிக் கரையில் எவருக்கும் சொந்தமான மதிப்பீடு இருக்கவில்லை. வியாபாரி சொன்னதே விலை.

குறிப்பு 5: 9 பிப்ரவரி

2001 ஜூலை. எல்லாக் கடல் அட்டை இனங்களும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருந்த அட்டவணை. கடல் குதிரைகளும் அதே ஆணையில் சேர்ந்தன. சுறா, திருக்கை இனங்கள் அனைத்தும் சேர்ந்தன.

சுறாவுக்கும் திருக்கைக்கும் நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தத் தடை சுருக்கப்பட்டு, திமிங்கலச் சுறா உள்ளிட்ட குறிப்பிட்ட சில இனங்களோடு நின்றது. அட்டைக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. சுறா எல்லா மாநிலத்துக் கரையிலும் ஏறுகிறது. விசைப்படகு உரிமையாளர், ஏற்றுமதியாளர், உணவகம் என்று அதற்குப் பேசப் பல வாய்கள் உண்டு. அட்டை பெரும்பாலும் மன்னார் வளைகுடா, பாக் நீரிணைக் கரைகளில் மூச்சடக்கிக் குளிப்பவர்களின் தொழிலாகவே இருந்தது. தடையின் அளவை உயிரினத்தின் நிலைமை மட்டும் தீர்மானிக்கவில்லை. பேச ஆள் இருந்ததா என்பதும் தீர்மானித்தது. இதை மனக்கசப்பில் எழுதவில்லை; அரசிதழின் இரண்டு ஆணைகளையும் அருகருகே வைத்தால் எவருக்கும் தெரியும்.

அதற்காக அட்டைத் தடை அநியாயமானது என்று நான் சொல்ல வரவில்லை. நோட்டுகளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. உலக அளவிலும் வெள்ளை அட்டை அழிவின் ஆபத்தில் உள்ள இனமாக மதிப்பிடப்பட்டிருக்கிறது.

குறிப்பு 6: 10 பிப்ரவரி

"மீனவர் வாழ்வாதாரம்" என்று ஆய்வுகளில் எழுதும்போது குளிப்பவரை மட்டும் எண்ணுகிறோம். கரையில் நடந்த வேலையைக் கேளுங்கள்.

வெள்ளை அட்டையை வயிற்றுப்பக்கம் கீறிக் குடலைப் பிதுக்கி, அண்டாவில் கடல்நீரிலேயே அவிப்பார்கள். அவிந்ததும் அது ரப்பர் போல இறுகும். பிறகு ஈர மணலில் குழி தோண்டி, அட்டைகளைப் பரப்பி, சாக்கால் மூடி, மேலே மணலைத் தள்ளி ஓர் இரவு விடுவார்கள். வெள்ளை அட்டையின் தோலுக்குள் சுண்ணாம்பு போன்ற நுண்முட்கள் அடர்ந்திருக்கும். அவை போகாவிட்டால் சரக்குக்கு விலை இல்லை. மணலுக்குள் இருக்கும் இரவில் மேல்தோல் அழுகித் தளர்ந்துவிடும். காலையில் தோண்டி எடுக்கும்போது எழும் வாடை ஊரின் மறுகோடி வரை போகும். பெண்கள் அவற்றைத் தென்னை நாரால் தேய்த்துக் கழுவுவார்கள். வெள்ளைக் குழம்பு வழிந்து ஓடும். மறுபடி ஓர் அவிப்பு, பிறகு வெயில். நன்றாகக் காய்ந்ததைத் தரையில் போட்டால் மரக்கட்டை விழும் ஓசை கேட்க வேண்டும். என் தாய் அந்த ஓசையைக் கேட்டுத்தான் தரம் பிரிப்பார்.

தடைக்குப் பிறகு குளிப்பவரில் பலர் சங்குக்கும் நண்டு வலைக்கும் போனார்கள். சங்கு குளிப்பதற்கு உரிமம் உண்டு. குழியில் வேலை செய்த பெண்களுக்கு அப்படி மாறிச் செல்ல ஒரு தொழில் காத்திருக்கவில்லை. சிலர் தீவுகளை ஒட்டிக் கடற்பாசி எடுக்கப் போனார்கள். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகள் அவை. அங்கேயும் வனத்துறையோடு வழக்குத்தான். எந்த மீன்வளப் புள்ளிவிவரத்திலும் "அட்டை தேய்ப்பவர்" என்ற பத்தி இருந்ததில்லை. ஆகவே அவர்கள் இழந்ததும் பதிவாகவில்லை.

குறிப்பு 7: 14 பிப்ரவரி

இனி நோட்டின் இடப்பக்கத்துக்கு வருகிறேன். இத்தனை நாளும் வரவுப் பக்கத்தையே பேசிக்கொண்டிருந்தேன். இந்த வணிகத்தின் உயிர் பற்றுப் பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் ஊரில் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பாக் நீரிணையை வடகடல் என்றும் சொல்வோம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கலங்கிக் கிடக்கும், குளிக்க முடியாது. வாடை வந்தால் வடகடல் கலங்கும். குளிப்பவர்கள் தெளிந்த பக்கம் பார்த்து மாறிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு கடலும் கைகொடுக்காத இடைநாட்களில் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். அரிசிக்கு, பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு, பிரசவத்துக்கு, படகின் இடுக்கடைக்கும் கலப்பத்து வேலைக்கு என்று தந்தை ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருக்கிறார். வட்டி என்ற சொல் எங்கும் இல்லை. முன்பணம் வாங்கியவர் பிடித்ததை அதே வியாபாரியிடம், அவர் சொல்லும் விலைக்குத் தர வேண்டும். சந்தை விலைக்கும் அந்த விலைக்கும் இடையிலுள்ள வேறுபாடே வட்டி.

பொடி அட்டையை எடுப்பது கெடுதல் என்று குளிப்பவருக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த ஆண்டு பெரிசாக வரும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அடுத்த ஆண்டுக்காக அதை விட்டுவைக்கும் உரிமை பற்றுப் பக்கத்தில் எழுதப்பட்டவருக்கு இருந்ததா என்பதே கேள்வி. இல்லை.

தடை வந்தபோது வணிகத்தின் வெளிப்பகுதி மட்டும் அறுந்தது. ஏற்றுமதிக் கட்டு நின்றது, களம் கலைந்தது, நோட்டு நின்றது. பற்று நிற்கவில்லை. பழைய கடன் இருந்தவர்களிடம் "இரவில் கொண்டு வா" என்றார்கள். முன்பு விலை பேச ஒரு வாய்ப்பாவது இருந்தது; சட்டத்துக்கு ஒளிந்து விற்பவருக்கு அதுவும் போயிற்று. பிடிபட்டால் சிறை குளிப்பவருக்கு, பொருள் கரை சேர்ந்தால் பணம் கடத்துபவருக்கு. ஒரு தடை கடனை அறுக்காமல் வணிகத்தை மட்டும் அறுத்தால் என்ன நடக்கும் என்பதை நான் நேரில் பார்த்தேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குறிப்பு 8: 15 பிப்ரவரி

இருளர் கூட்டுறவுச் சங்கத்தை ஏன் எடுத்துக்காட்டவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. 1970-களில் பாம்புத் தோல் ஏற்றுமதி நிறுத்தப்பட்டபோது செங்கல்பட்டுப் பகுதி இருளர் குடும்பங்களின் பிழைப்பு நின்றது. 1978-இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றோரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, வடநெம்மேலியில் மண்பானைகளில் சில வாரம் வைத்து, நஞ்சு எடுத்த பின் காட்டிலேயே விடுகிறார்கள். விடும்போது வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டுகிறார்கள். அதே பாம்பு உடனே மறுபடி பிடிபட்டால் தெரிந்துவிடும். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை வரையறுக்கிறது. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது. 2023-இல் இருளர் பாம்பு பிடிப்போரான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

தடையால் வேலை இழந்தவர்களின் அறிவையே வேலையாக மாற்றிய செயல் அது. அட்டைக்கும் அப்படி ஒரு சங்கம் வந்திருந்தால் என் ஊரின் கதை மாறியிருக்கும் என்று நெடுநாள் நம்பினேன்.

குறிப்பு 9: 17 பிப்ரவரி

நேற்று முன்தினம் எழுதியதை மறுபடி யோசித்தேன். அந்த ஒப்பீடு ஓர் இடத்தில் உடைகிறது. பாம்பிடம் நஞ்சை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்ப விடலாம். அட்டையிடம் எடுப்பது அட்டையையே.

அது இனம் பெருக்கும் விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆணும் பெண்ணும் தத்தம் விந்தையும் முட்டையையும் நீரில் விடுகின்றன; அருகருகே போதிய எண்ணிக்கையில் இருந்தால்தான் அவை கலக்கும். ஒரு கடற்புல் வெளியில் பத்து அட்டை தொலைவு தொலைவாக மிஞ்சியிருந்தால், எண்ணும்போது பத்து. பெருக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒரு கட்டத்துக்குக் கீழே எடுத்துவிட்டால் அதன்பின் தொடாமல் விட்டாலும் மீள்வது மிகவும் தாமதம். மாலத்தீவில் 1985-இல் தொடங்கிய அட்டைத் தொழில் பத்தாண்டு முழுதாகக் கடக்கும் முன்பே விலையுயர்ந்த இனங்களை வழித்தெடுத்துவிட்டது. அங்கே வணிகம் வெளிப்படையாகவே நடந்தது.

ஆகவே இருளர் சங்கத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது விற்பனை முறையை அன்று. பிடிப்பவரே எண்ணிக்கையை வைத்திருப்பது, அடையாளமிடுவது, வியாபாரியின் முன்பணத்துக்குப் பதிலாகச் சங்கத்தின் பணம் இருப்பது ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். குறிப்பு 8-ஐ அழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கவும்.

குறிப்பு 10: 20 பிப்ரவரி

கடலின் மறுகரையைப் பேசாமல் இந்த ஆய்வு முடியாது. இலங்கையில் அட்டை பிடிப்பதும் ஏற்றுமதி செய்வதும் உரிமத்தோடு நடக்கும் சட்டபூர்வத் தொழில். ஒரே நீரிணையின் ஒரு கரையில் குற்றமான அட்டை, மறுகரையில் வரி கட்டும் சரக்கு. இந்தப் பக்கத்துச் சரக்கு அந்தப் பக்கம் ஏறிவிட்டால் அதன் பிறப்பிடத்தைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பன்னாட்டு வன உயிரின வணிக உடன்படிக்கையான சைட்டிஸ் 2019-இல் அட்டையில் முலை அட்டை வகையைச் சேர்ந்த மூன்று இனங்களையும், 2022-இல் அன்னாசி அட்டையின் பேரினத்தையும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. எங்கள் கரையின் முதன்மைச் சரக்கான வெள்ளை அட்டை அதில் இல்லை. அதனால் அதற்கு உடன்படிக்கையின் ஏற்றுமதிச் சான்றும் தேவைப்படுவதில்லை.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் கரைகளில் இப்போது கடலட்டைப் பண்ணைகள் பெருகியிருக்கின்றன. ஆழமில்லாத கடலில் கம்பு நட்டு, வலை கட்டி, குஞ்சை விட்டு வளர்க்கிறார்கள். கடலில் இயல்பாக வாழும் அட்டைமேல் உள்ள பிடியைக் குறைக்கும் நல்ல வழி என்று நான் மகிழ்ந்தேன். உறவினர் வீட்டுக்குப் போனபோது அந்தக் கரையில் நின்று பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் கம்புகள். களங்கண்டி வலை கட்டும் வயதான ஒருவர் சொன்னார்: "தம்பி, பண்ணை வைச்சவனுக்கு அட்டை இருக்கு. எனக்கு இறால் வாற பாதையில வேலி நிக்குது." சிறகு வலைக்காரர்களும் கரையோரம் நடந்து மீன் பிடிப்பவர்களும் அதையே சொன்னார்கள். பண்ணை வைக்க முதல் வேண்டும். முதல் உள்ளவருக்கே பொதுக்கடலில் வேலி கிடைக்கிறது. உயிரினத்துக்கு நன்மையானது, அக்கரையில் வாழும் எல்லாருக்கும் நன்மை என்று ஆகிவிடாது.

குறிப்பு 11: 21 பிப்ரவரி

விடுபட்டது ஒன்று. வெள்ளை அட்டைக் குஞ்சை இந்தியாவில் முதன்முதலில் பொரிக்க வைத்தது தூத்துக்குடியில், 1988-இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில். அப்போதே நம்மிடம் நுட்பம் இருந்தது. அட்டவணையில் உள்ள உயிரை வளர்த்தாலும் விற்க முடியாது என்பதால், 2001-க்குப் பிறகு அந்த நுட்பத்துக்குக் கரையில் வேலை இல்லாமல் போயிற்று. வளர்த்து விற்காமல், பொரித்த குஞ்சுகளைக் கடற்புல் வெளிகளில் விட்டு நிரப்பும் வேலையையாவது குளிப்பவர்களைக் கொண்டு கூலிக்குச் செய்திருக்கலாம். எந்த வெளியில் முன்பு அட்டை நிறைந்திருந்தது என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

குறிப்பு 12: 26 பிப்ரவரி

களத்துக்குப் போகுமுன் இதைப் படியுங்கள். எழுதுவதற்கு எனக்கு நெடுநாள் ஆயிற்று.

என் ஆய்வேட்டில் ஒரு வரைபடம் போட்டேன். அட்டை கரையேறும் இடங்களைப் புள்ளியிட்டு, ஊர்ப்பெயரை நீக்கிவிட்டேன். பெயர் இல்லாததால் பாதுகாப்பு என்று எண்ணினேன். அந்தக் கடற்கரையை அறிந்த எவருக்கும் புள்ளியே பெயர். ஓராண்டு கழித்து, வேறு வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது அந்த வரைபடத்தின் ஒளிநகல் மேசைமேல் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதில் நான் வைத்த ஒரு புள்ளி, இழுவலையில் தற்செயலாக ஏறிய அட்டைகளைக் கூலிக்காரர்கள் பொறுக்கி வைக்கும் இடம். வலையில் வந்ததைத் திரும்பக் கடலில் வீச வேண்டும் என்பது விதி. அவர்கள் வீசாமல் வைத்திருந்தார்கள் என்பதை என்னிடம் நம்பிச் சொன்னார்கள். அடுத்த முறை போனபோது அந்த இடத்தில் யாரும் இல்லை. எங்கே போனார்கள் என்று கேட்ட எனக்கு ஊரில் ஒருவரும் விடை சொல்லவில்லை. சொல்லாதது சரி.

யாரிடம் பேசினீர்கள் என்பதோடு, எந்த நாளில், எந்தக் கரையில், எந்த வலைக்காரரிடம் என்ற மூன்றும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். அவற்றைப் பிரித்து வையுங்கள். ஒலிப்பதிவு வேண்டாம். "நீங்கள் எடுத்தீர்களா" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். "இந்தக் கரையில் முன்பு எப்படி எடுப்பார்கள்" என்று கேளுங்கள். உங்கள் நெறிக்குழுவின் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். குற்றமாக்கப்பட்ட தொழிலைப் பற்றிப் பேசியவரின் கையெழுத்து உங்கள் பையில் இருப்பது அவருக்கு ஆபத்து.

குறிப்பு 13: 3 மார்ச்

உங்கள் தலைப்புக்குத் திரும்புகிறேன். தடை தோற்றதா வென்றதா என்ற கேள்வியைக் கைவிடுங்கள். எனக்குத் தெரிந்தவரை விடை காணக்கூடிய கேள்விகள் இவை: தடைக்கு முன் கடனில் இருந்த குடும்பங்கள் அதை எதைக் கொண்டு அடைத்தன? குழியில் வேலை செய்த பெண்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? இழுவலையில் ஏறும் அட்டை உயிரோடு திரும்பக் கடலுக்குப் போக எது தடையாக நிற்கிறது, அச்சமா, காசா, நேரமா?

என் கருத்தைக் கேட்டால், நாளையே தடையை நீக்குவதை நான் எதிர்ப்பேன். பற்றுப் பக்கம் அப்படியே இருக்க வரவுப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டால், என் தந்தையின் நோட்டு மறுபடி எழுதப்படும். "பொடி" பத்தியில் தொடங்கி அதிலேயே முடியும். அதே வேளையில், எண்ணாமலே காக்கும் தடையையும் என்னால் ஆதரிக்க முடியவில்லை. முதலில் சில கடற்புல் வெளிகளையாவது குளிப்பவர்களே ஆண்டுதோறும் எண்ணட்டும், அதற்குக் கூலி கொடுக்கட்டும், விசைப்படகுகள் அந்த வெளிகளில் இழுக்காமல் காக்கட்டும். எடுக்கலாமா வேண்டாமா என்ற பேச்சு அந்த எண்ணிக்கை கையில் வந்த பிறகு நடக்கட்டும்.

குறிப்பு 14: 10 மார்ச்

குறிப்பு 6-இல் ஒரு பிழை. என் தாயிடம் இந்தக் குறிப்புகளைப் படித்துக் காட்டினேன். குழியிலிருந்து எடுத்ததும் நாரால் தேய்ப்பதாக நான் எழுதியது தவறாம். அது இரண்டாவது வேலை. முதலில் அட்டைகளைப் பரப்பிக் காலால் மிதிப்பார்கள்; அப்போதுதான் சுண்ணாம்பு பெயரும். பெரியவர்கள் மிதித்தால் அட்டை கிழிந்துவிடும் என்பதால் பிள்ளைகளை இறக்குவார்கள். "உன்னைத்தான் முதலில் இறக்குவோம். கணுக்கால் வரை வெள்ளையாக நிற்பாய், கடலில் கழுவிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாய்" என்றார். எனக்கு அது நினைவில்லை. இத்தனை ஆண்டுகளாக அந்தத் தொழிலைக் கணக்கு நோட்டின் வழியாகவே பார்த்ததாக நம்பியிருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார். தொடக்கத்தில் ஓர் அட்டை என் பாதத்தைவிட நீளமாக இருக்குமாம். நான்காம் வகுப்புக்குப் போனபோது பாதம் அட்டையைத் தாண்டிவிட்டதாம். என் பாதமும் வளர்ந்திருக்கும் என்பதால் இதை அளவாகக் கொள்ள முடியாது. அந்த ஆண்டின் நோட்டு என்னிடம் இருக்கிறது. மூன்று பத்தியையும் எண்ணி இங்கே எழுதுகிறேன்.